தானியச் சந்தை சரிந்தபோது: டென்மார்க் விவசாயிகள் கறவைக்கு மாறிய கதை



நெல்லில் மிச்சமில்லை, சோளத்தில் மிச்சமில்லை, இரண்டு கறவை வாங்கிக் கட்டினால் பால் பணமாவது தவறாமல் வருமா? இந்தக் கேள்வியை நம் ஊர்களில் கேட்காத திண்ணை இல்லை. ஒரு குடும்பம் கேட்கும் இந்தக் கேள்வியை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடே கேட்டது. கேட்டதோடு நிற்காமல் மாறியும் காட்டியது. அந்த நாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். டென்மார்க்.

டேனிஷ்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் கோட்டை அவர்கள் கட்டியது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று வந்தார்கள். 1845-இல் ஊரையும் கோட்டையையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்த வணிகர்களின் கதை நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதே நாட்டின் விவசாயிகள் கதை நம்மை வந்து சேரவில்லை. எனக்கு இரண்டாவது கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

1864-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தோற்றது. தெற்கிலிருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் பறிபோயின. நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வேறு கொடியின் கீழ் போனார்கள். மிஞ்சியது என்ன? தாழ்ந்த, தட்டையான ஒரு சிறு நாடு. நிலக்கரி இல்லை. இரும்பு இல்லை. பெரிய ஆறு இல்லை. ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்கே புதர் மண்டிய மணல்வெளி. இருந்த ஒரே செல்வம் வயல். அந்த வயலில் விளைந்த பார்லியையும் கோதுமையையும் வாங்கிக்கொள்ள இங்கிலாந்து இருந்தது. 1846-இல் இங்கிலாந்து தன் தானியச் சட்டங்களை நீக்கியபின் அந்தச் சந்தை அகலத் திறந்திருந்தது. தானியம் விற்றுப் பிழைத்த நாடு அது.

அந்தப் பிழைப்புக்கும் ஆபத்து வந்தது. எங்கிருந்து வந்தது? கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் ரயில் பாதைகள் மேற்கே நீண்டன. கலப்பை படாத புல்வெளிகள் கோதுமை வயல்களாயின. நீராவிக் கப்பல் வந்தது, கப்பல் கூலி இறங்கியது. ரஷ்யாவிலிருந்து ஒடெசா துறைமுகம் வழியாகவும் தானியம் வந்து குவிந்தது. 1870-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவெங்கும் தானிய விலை சரியத் தொடங்கி, இருபது ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை.

ஜெர்மனி என்ன செய்தது? 1879-இல் அதன் சான்சலர் பிஸ்மார்க் இறக்குமதி வரி போட்டார். பிரான்ஸும் வரிச்சுவர் எழுப்பியது. இங்கிலாந்து கதவைத் திறந்தே வைத்தது. அதன் கோதுமை வயல்கள் சுருங்கின. டென்மார்க் என்ன செய்திருக்க முடியும்? விற்கிற நாடு வரி போட்டு என்ன பயன்? லண்டனில் விலை விழுந்தால், கோபன்ஹேகனில் எழுப்பும் சுவர் யாரைக் காக்கும்?

இந்த இடத்தில்தான் அவர்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். தானியம் மலிந்தால் விற்பவருக்கு நட்டம். வாங்குபவருக்கு? தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுபவருக்கு? அவருக்கு அது மலிவான தீவனம். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளி கையில் கொஞ்சம் காசு சேரத் தொடங்கிய காலம் அது. ரொட்டி மலிவானதால் மிஞ்சிய காசில் அவர் வெண்ணெய் கேட்டார், காலைச் சாப்பாட்டுக்கு உப்பிட்ட பன்றி இறைச்சி கேட்டார், முட்டை கேட்டார். ரொட்டியின் விலை விழுந்துகொண்டிருந்தபோது, அதன்மேல் தடவும் வெண்ணெயின் விலை அந்த அளவுக்கு விழவில்லை.

நண்பர்களே, ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்மார்க் தானியம் விளைவிப்பதை நிறுத்தவில்லை. தானிய வயல்கள் பெரிதாகச் சுருங்கவும் இல்லை. விளைந்தது துறைமுகத்துக்குப் போகாமல் தொழுவத்துக்குப் போனது. அது போதாமல் வெளியிலிருந்து மக்காச்சோளம் வாங்கினார்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, சூரியகாந்திப் புண்ணாக்கு வாங்கினார்கள். தானியம் ஏற்றுமதி செய்த நாடு 1880-களில் தானியம் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. குளிர்காலத் தீவனத்துக்குக் கிழங்குப் பயிர் வைத்தார்கள். அதுவரை கோடையில் மட்டும் பால் கறந்த மாடு குளிர்காலத்திலும் கறந்தது. ஆண்டு முழுவதும் பால், ஆண்டு முழுவதும் வெண்ணெய். குளிரில் வெண்ணெய் கிடைக்காத லண்டன் கடைக்காரர் அதற்கு நல்ல விலை கொடுத்தார்.

இவ்வளவும் கேட்டால் எளிதாகத் தோன்றும். விலை விழுந்தது, மாடு வாங்கினார்கள், பிழைத்தார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. மாடு வாங்குவது எளிது. வெண்ணெய் விற்பதுதான் கடினம்.

ஏன் கடினம்? அன்றைய டென்மார்க்கில் இரண்டு வகை வெண்ணெய் இருந்தது. ஒன்று பெரும் பண்ணைகளின் வெண்ணெய். நூறு மாடு, இருநூறு மாடு, கல் பாவிய குளிர்ந்த பால் அறை, பயிற்சி பெற்ற பெண்கள். அந்த வெண்ணெய்க்கு உயர்ந்த விலை. இன்னொன்று சிறு விவசாயியின் வெண்ணெய். மூன்று மாடு, நான்கு மாடு. பாலை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, ஆடை மிதந்து வரும்வரை ஒரு நாள், ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஆடை கடைவதற்குப் போதாது. சேர்த்து வைத்தால் புளிக்கும். ஒரு வீட்டு வெண்ணெய் உப்புக் கரிக்கும், அடுத்த வீட்டு வெண்ணெய் சப்பென்றிருக்கும். வியாபாரி எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் போட்டுக் கலப்பார். அந்தப் பீப்பாய்க்கு என்ன விலை கிடைக்கும்? பண்ணை வெண்ணெயோடு அது எப்படிப் போட்டியிடும்?

ஆக, கால்நடைக்கு மாறியவுடன் லாபம் பெரும் பண்ணைக்கே போயிருக்க வேண்டும். உலகில் பல இடங்களில் அப்படித்தான் போயிருக்கிறது. டென்மார்க்கில் ஏன் போகவில்லை? நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி இதுதான். அளக்கிற கருவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். டென்மார்க்கின் சிறு விவசாயிகள் அளவைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் வந்தது வெப்பமானி. கோபன்ஹேகனில் இருந்த அரச கால்நடை மருத்துவ வேளாண்மைக் கல்லூரியில் செகெல்கே என்ற ஆசிரியர் இருந்தார். தராசும் வெப்பமானியும் கணக்குப் புத்தகமும் இல்லாமல் பால் தொழில் இல்லை என்று ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். கைவிரலால் சூடு பார்த்தவர்களைப் பாகை பார்க்க வைத்தார். கறந்த பால் எவ்வளவு, எடுத்த வெண்ணெய் எவ்வளவு என்று எழுத வைத்தார்.

அடுத்து வந்தது சுழலும் இயந்திரம். 1878-இல் சுவீடனில் குஸ்தாவ் டி லாவல் பாலாடை பிரிக்கும் இயந்திரம் செய்தார். அதே காலத்தில் டென்மார்க்கிலும் ஒன்று செய்யப்பட்டது. ஊற்றிய பால் ஒரு பக்கம், பிரிந்த ஆடை ஒரு பக்கம். ஒன்றரை நாள் வேலை கண்முன் முடிந்தது. நூறு வீட்டுப் பாலை ஒரே இடத்தில், ஒரே சூட்டில், ஒரே நாளில் வெண்ணெயாக்க வழி பிறந்தது. ஆனால் அந்த இயந்திரத்தைச் சுழற்ற நீராவி எஞ்சின் வேண்டும், கட்டடம் வேண்டும், பணம் வேண்டும். மூன்று மாட்டுக்காரரிடம் பணம் ஏது?

1882-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மேற்கு ஜட்லாந்தில் ஓல்கோட் அருகே யெடிங் என்ற சிற்றூர். அது வளமான ஊர் அல்ல. அந்த ஊர் விவசாயிகள் சேர்ந்து டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினார்கள். ஸ்டில்லிங் ஆண்டர்சன் என்ற இளம் பால் தொழிலாளர் அதை நடத்தினார். அவர்கள் எழுதிக்கொண்ட விதிகளைக் கேளுங்கள். வீட்டுக்கு வேண்டியது போக மீதிப் பால் முழுவதையும் உறுப்பினர் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும். வியாபாரி ஒரு காசு கூடத் தருகிறார் என்று நடுவில் ஓடக்கூடாது. வாங்கிய கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவர் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும். லாபம் வந்தால் ஊற்றிய பாலுக்கு ஏற்பப் பங்கு. ஓட்டு? ஐம்பது மாடு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டு, இரண்டு மாடு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டு.

பெரியோர்களே, அந்தக் கடைசி விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த நாளில் டென்மார்க்கின் அரசியலில் பெரும் நிலக்காரர்களின் கை ஓங்கியிருந்தது. மேலவைத் தேர்தலில் சொத்துக்காரர்களுக்குக் கூடுதல் பலம் இருந்தது. நாட்டில் கிடைக்காத சமத்துவம் பால்பண்ணைக் கூட்டத்தில் கிடைத்தது. பத்தே ஆண்டில் இப்படிப்பட்ட சங்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. அந்த நூற்றாண்டு முடியும்போது ஆயிரத்தை எட்டின. மூன்று மாட்டுக்காரரின் வெண்ணெய் பண்ணை வெண்ணெயின் விலையைத் தொட்டது.

சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. பாலை லிட்டர் கணக்கில் வாங்கினால் தண்ணீர் கலந்தவருக்கும் அதே காசு, நல்ல மாடு வளர்த்தவருக்கும் அதே காசு. இந்த வருத்தம் நம் சங்கங்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபியோர் என்ற அறிஞர் ஒரு சிறு கருவி செய்தார். ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் சிறிது எடுத்துக் குழாயில் இட்டுச் சுழற்றினால் ஆடையின் அளவு வரிசையாகத் தெரிந்துவிடும். பாலின் அளவைப் பார்த்து மட்டுமல்லாமல் கொழுப்பைப் பார்த்துக் காசு கொடுக்கும் வழக்கம் அதனால் பரவியது. சோதிப்பவர் யார்? சங்கத்தின் ஆள். அவரை நியமித்தது யார்? பால் ஊற்றியவர்கள். சந்தேகம் வந்தால் எழுந்து கேட்கலாம். கருவி அவர்கள் கையில் இருந்தது.

1895-இல் வையன் என்ற ஊரில் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார்கள். பால் சோதனைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். உலகில் அப்படிப்பட்ட சங்கங்களில் அதுவே முதல். ஒரு சோதனையாளர் தொழுவம் தொழுவமாகப் போவார். மாட்டுக்கு மாடு பாலை நிறுப்பார், கொழுப்புப் பார்ப்பார், தின்ற தீவனத்தையும் எழுதுவார். ஆண்டு முடிவில் எந்த மாடு வீட்டைக் காக்கிறது, எந்த மாடு வீட்டைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல மாட்டின் கன்றை வளர்த்தார்கள். டேனிஷ் சிவப்பு மாடு உலகப் பெயர் பெற்றது இந்தக் கணக்கேடுகளின் துணையோடுதான்.

அந்த வையனுக்குப் பக்கத்தில்தான் ஆஸ்கோவ் இருக்கிறது. அங்கே ஒரு மக்கள் உயர்பள்ளி. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்தவை அந்தப் பள்ளிகள். பதினெட்டு, இருபது வயது விவசாயப் பிள்ளைகள், வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் அங்கே போய்த் தங்குவார்கள். தேர்வு கிடையாது. பட்டம் கிடையாது. வரலாறு கேட்டார்கள், பாடினார்கள், கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகினார்கள். மாடு வளர்ப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கணக்குப் புத்தகத்தைத் திறந்து "இது எப்படி?" என்று கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் சங்கம் சங்கமாக இருக்கும். அந்தத் துணிச்சலை அந்தப் பள்ளிகள் வளர்த்தன. இயந்திரத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி பன்றிக்கு வருவோம். வெண்ணெய் எடுத்தபின் ஆடை நீக்கிய பால் மிஞ்சுமே, அது என்ன ஆயிற்று? உறுப்பினரின் பாத்திரத்திலேயே வீட்டுக்குத் திரும்பியது. பன்றிக்கும் கன்றுக்கும் அது அருமையான தீவனம். மாடு வளர வளரப் பன்றியும் பெருகியது. முதலில் பன்றிகளை உயிரோடு ஜெர்மனிக்கு விற்றார்கள். 1887-இல் பன்றிக் காய்ச்சலைக் காரணம் காட்டி ஜெர்மனி எல்லையை அடைத்தது. ஒரே நாளில் சந்தை போயிற்று. அதே ஆண்டு முடிவதற்குள் ஹார்சன்ஸ் நகரில் விவசாயிகளின் சொந்தக் கூட்டுறவு இறைச்சிக்கூடம் வேலை தொடங்கிவிட்டது. உயிருள்ள பன்றிக்குப் பதில் உப்பிட்ட இறைச்சி இங்கிலாந்துக்குப் போயிற்று. ஆங்கிலேயர் கொழுப்புக் குறைந்த இறைச்சியை விரும்பினார்கள். அதற்கேற்ற இனத்தைக் கலந்து வளர்த்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் ஐந்து லட்சத்தை ஒட்டியிருந்த பன்றிகள், 1914-இல் ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம்.

முட்டையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1895-இல் முட்டை ஏற்றுமதிக்கும் கூட்டுறவு வந்தது. முட்டை ஒவ்வொன்றிலும் எண் குத்தினார்கள். எந்த வட்டாரம், எந்த உறுப்பினர் என்று அந்த எண் சொல்லும். லண்டனில் ஒரு முட்டை கெட்டிருந்தால், அது ஜட்லாந்தில் எந்த வீட்டுக் கோழி இட்டது என்று கண்டுபிடித்து அந்த வீட்டுக்காரருக்கு அபராதம் போடலாம். அண்டை வீட்டார் மூட்டையில் ஒளிந்துகொள்ள யாருக்கும் இடமில்லை. வெண்ணெய்க்கும் அப்படியே. பழங்காலத்து வெண்கலக் கொம்பின் படத்தை முத்திரையாக்கி, 1906 முதல் அந்த முத்திரை இல்லாத வெண்ணெய் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் செய்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இழந்ததைச் சொல்லாமல் போனால் அது முழுக்கதை ஆகாது. தாய்மார்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். பால்பண்ணை வருவதற்கு முன் வெண்ணெய் எடுத்தது யார்? வீட்டுப் பெண்கள். பெரும் பண்ணைகளில் பால் அறையை ஆண்டது யார்? பெண்கள். ஹன்னே நீல்சன் என்ற அம்மையார் ஹவார்த்தி என்ற தம் பண்ணையில் பாலாடைக்கட்டி செய்து புகழ் பெற்றார். அங்கே ஏராளமான பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். இன்று உலகமெங்கும் விற்கும் ஹவார்த்திக்கு அந்தப் பண்ணையின் பெயர்தான். இயந்திரம் வந்தது, எஞ்சின் வந்தது, சங்கம் வந்தது. கடைகிற பாரம் பெண்களின் தோளிலிருந்து இறங்கியது உண்மை. ஆனால் தொழிலும் அவர்கள் கையிலிருந்து நழுவியது. பால்பண்ணை மெல்ல மெல்ல ஆண்களின் வேலையாயிற்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதும் பெண்கள், பால் பணப் புத்தகம் மட்டும் ஆண் பெயரில் என்ற நிலை நம் ஊரிலும் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு டென்மார்க்கைப் பார்க்க வேண்டாம். நாமே மாற்றலாம், மாற்ற வேண்டும்.

நோயும் வந்தது. நூறு தொழுவத்துப் பாலை ஒன்றாகக் கலந்து, ஆடை எடுத்து, மீதியை நூறு தொழுவத்துக்கும் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு மாட்டின் காசநோய் ஊர் மாடுகளுக்கெல்லாம் போகும். பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் இதை எதிர்த்து இடைவிடாமல் போராடினார். திருப்பி அனுப்பும் பாலைக் காய்ச்சித்தான் அனுப்ப வேண்டும் என்று 1898-இல் சட்டம் வந்தது. கலப்பது என்று முடிவு செய்தபின் காய்ச்சுவதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய அடி 1917-இல் விழுந்தது. முதல் உலகப்போர். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலை அடைத்தன. அமெரிக்கா போரில் இறங்கியபின் அங்கிருந்து வந்த சரக்கும் நின்றது. மக்காச்சோளம் வரவில்லை. புண்ணாக்கு வரவில்லை. வெண்ணெயும் இறைச்சியும் விற்று ஊரைக் காத்த நாடு, தன் மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம் பிறர் நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை அன்று வலியோடு உணர்ந்தது. மிக்கெல் ஹின்ட்ஹேடே என்ற மருத்துவர் எழுந்து சொன்னார்: இருக்கிற பார்லியையும் உருளைக்கிழங்கையும் பன்றிக்குப் போடாதீர்கள், மனிதருக்குக் கொடுங்கள். அரசு அவர் பேச்சைக் கேட்டது. பன்றிகளை வெட்டிக் குறைத்தார்கள். போருக்கு முன் இருபத்தைந்து லட்சத்தை ஒட்டியிருந்தவை ஆறு லட்சம் அளவுக்கு இறங்கின. தவிட்டோடு சேர்த்து அரைத்த கறுப்பு ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் காய்கறியையும் தின்று அந்த நாடு போர்க்காலத்தைக் கடந்தது. அண்டை நாடான ஜெர்மனியில் மக்கள் பசியில் வாடிய அதே காலத்தில், டென்மார்க்கில் பஞ்சம் வரவில்லை. தானியத்தை விலங்கின் வழியாக அனுப்பினால் வழியில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியாது.

போருக்குப்பின் கால்நடைகள் மறுபடி பெருகின. இந்த முறை தண்ணீரும் விலை கொடுத்தது. சாணமும் சிறுநீரும் உரமும் கலந்த வயல்நீர் கடலில் சேர்ந்து, கடலில் உயிர்வளி குறைந்தது. 1986-இல் கில்லெலையே கரையோரம் மீனவர் வலையில் செத்த சிங்கி இறால்கள் வந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே நீர்நிலைகளைக் காக்க முதல் தேசியத் திட்டம் வந்தது. 2024-இல் இன்னொரு பெரிய முடிவு எடுத்தார்கள். கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்கு 2030 முதல் வரி. உலகில் எந்த நாடும் அதற்கு முன் அப்படி ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில்லை. அதோடு 2.5 லட்சம் ஹெக்டேரில் புதிதாகக் காடு வளர்க்கும் திட்டம். இந்த உடன்பாட்டை எழுதிய மேசையில் அரசும் சுற்றுச்சூழல் அமைப்பும் மட்டும் இல்லை. விவசாயிகளின் அமைப்பும் உட்கார்ந்திருந்தது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் விவசாயிகள் சேர்ந்து கட்டிய சங்கம் பின்னாளில் அமுல் ஆயிற்று. ஊர்ச் சங்கம், கொழுப்புச் சோதனை, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று அதன் அடிப்படைகளும் யெடிங்கின் அடிப்படைகளும் ஒத்துப்போகின்றன. நம் ஆவினின் கீழ்ப்படியும் ஊர்ச் சங்கம்தான். படி இருக்கிறது. அதில் ஏறி நின்று கேட்கிறோமா? உங்கள் ஊரில் பால்மானியைப் பிடிப்பவர் யார்? அவர் சொல்லும் எண் உங்கள் புத்தகத்தில் ஏறுகிறதா? சங்கத்துக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, அதில் எத்தனை பெண்கள் பேசினார்கள்? இன்னொரு மாடு வாங்கக் கடன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன், இந்த மூன்றுக்கும் விடை எழுதிப் பாருங்கள். பிறகு தீவனக் கணக்கை எழுதுங்கள். புல் எங்கே வளரும், வைக்கோல் எங்கிருந்து வரும், புண்ணாக்கு விலை ஏறினால் எத்தனை மாதம் தாங்கும்?

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பால் ஊற்றுகிறவர்கள் முதலில் கேளுங்கள்.